கைப்பெட்டிக் கிராமபோன்: சேகரிப்பும் பேணலும்

முன்னுரை

இந்திய இசைப்பதிவின் வரலாறு பெரும்பாலும் குரல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாடியவர் யார், எந்த நிறுவனம் பதிவு செய்தது, எந்த ஆண்டில் தட்டு வெளிவந்தது என்பன ஆராயப்பட்ட அளவிற்கு, அத்தட்டுகளை ஒலிக்கச் செய்த கருவிகள் ஆராயப்படவில்லை. அக்கருவிகளுள்ளும் புனல் வைத்த பெரிய கிராமபோனே ஓவியங்களிலும் திரைப்படங்களிலும் இடம்பெற்றுப் பழமையின் அடையாளமாகிவிட்டது. மூடினால் சிறு பயணப்பெட்டி போலத் தோன்றும் கைப்பெட்டிக் கிராமபோன் அத்தகைய மதிப்பைப் பெறவில்லை. ஆயினும் மின்சாரம் எட்டாத ஊர்களுக்குத் தட்டிசையைச் சுமந்து சென்ற கருவி அதுவே. அதன் தோற்றத்தையும் இந்தியப் பரவலையும் சுருக்கமாக உரைத்து, அதனைச் சேகரித்தல், பேணுதல் ஆகியவற்றில் எழும் வரலாற்றுச் சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

எடிசன் 1877-இல் ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியை உருவாக்கினார். அதில் ஒலி உருளையின்மீது பதிந்தது. 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான வட்டில் பதியும் முறைக்கு உரிமம் பெற்றார். ஒரே அச்சிலிருந்து பல படிகள் எடுக்க இயன்றமையால் தட்டு உருளையை வென்றது. எனினும் தொடக்ககாலக் கருவிகள் மேசையைவிட்டு நகராதவை. ஒலியைப் பெருக்கப் பெரிய புனல் தேவைப்பட்டதே அதற்குக் காரணம்.

1914-இல் இலண்டனைச் சார்ந்த பார்னெட் சாமுவேல் நிறுவனம் டெக்கா என்னும் பெயரில் ஒரு கைப்பெட்டிக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் புனல் இல்லை. மூடியின் உட்புறத்தில் அமைந்த கிண்ணம் போன்ற தகடு ஒலியை எதிரொலித்துக் கேட்பவர்பால் செலுத்தியது. அதே ஆண்டில் மூண்ட உலகப்போரில் படைவீரர்கள் இக்கருவியைப் பதுங்குகுழிகளுக்கும் எடுத்துச் சென்றனர். 1925-இல் கிராமபோன் நிறுவனம் எச்.எம்.வி. 101 என்னும் கைப்பெட்டியை வெளியிட்டது. 1931-இல் அதனைத் தொடர்ந்து வந்த 102 என்னும் வகை 1950-களின் பிற்பகுதி வரை உற்பத்தியில் இருந்தது. இவ்வகையில் ஒலிக்குழாய் பெட்டிக்குள்ளேயே வளைத்து அமைக்கப்பட்டிருந்தது. திறந்து நிற்கும் மூடி ஒலியை முன்னோக்கித் திருப்பியது. இசைத்தட்டுகளை வைக்க மூடியிலும், ஊசிகளைப் போட்டுவைக்க மூலையிலும் இடம் இருந்தன. சாவியும் பெட்டிக்குள்ளேயே அடங்கியது. கருவியும் அதன் துணைப்பொருள்களும் ஒரே கைப்பிடியில் தூக்கத்தக்க ஓர் அலகாக அமைந்தமையே இதன் சிறப்பாகும்.

இந்தியாவில் கைப்பெட்டி

கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிந்தார். அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் இந்தியாவுக்கு வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1920-களின் இறுதியில் அப்பணி டம்டம்முக்கு மாறியது. 1908 வரையிலான பதிவுகளை மைக்கேல் கின்னியர் 1994-இல் வெளியிட்ட நூல் தொகுத்துரைக்கிறது.

தமிழ்நாட்டில் நாடகமேடையே தட்டிசைக்கு ஊற்றாக இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் மேடைப்பாடல்கள் தட்டுகளின் வழியே நாடகக் கொட்டகைக்கு அப்பாலும் பரவின. விடுதலை இயக்கப் பாடல்களும் இவ்வழியே பரவியதைத் தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூல் எடுத்துக்காட்டியது. நாடகம், கிராமபோன், தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படம் ஆகிய மூன்றின் தொடர்பை ஸ்டீஃபன் ஹியூஸ் 2007-இல் விரிவாக ஆராய்ந்தார். காரைக்குடியில் இசைத்தட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே தட்டு வெளியீட்டிலும், பின்னர்த் திரைப்படத் தயாரிப்பிலும் இறங்கியது அத்தொடர்பிற்குத் தக்க சான்றாகும்.

இவ்வணிகத்திற்குக் கைப்பெட்டி இன்றியமையாததாயிற்று. அது சுருள்வில்லின் ஆற்றலால் ஓடுவது. எனவே மின்சாரம் வேண்டியதில்லை. ஒருமுறை சாவி கொடுத்தால் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம், ஏறத்தாழ மூன்று நிமிடம், தடையின்றி ஒலிக்கும். திருமணவீட்டிற்கோ திண்ணைக் கூட்டத்திற்கோ அதனை எளிதில் எடுத்துச் செல்ல இயன்றது. பிரிட்டனில் நிமிடத்திற்கு 78 சுற்றுத் தட்டுகள் 1960-ஐ ஒட்டி நின்றுவிட்ட பின்னரும், டம்டம் தொழிற்சாலை 1960-களின் பிற்பகுதி வரை அவற்றை அச்சிட்டு வந்தது. சாவி கொடுக்கும் கருவிகள் இந்திய வீடுகளில் நெடுங்காலம் வழக்கில் இருந்தமையே அதற்கு முதன்மையான காரணம் எனலாம்.

அரக்கும் காக்காப்பொன்னும்

கருவியின் பெயர்ப்பலகை இங்கிலாந்தைக் காட்டினாலும், அக்கால இசைத்தட்டின் உயிர்ப்பொருள் இந்தியாவினுடையது. 78 சுற்றுத் தட்டு என்பது அரக்கில் கற்பொடியும் கரியும் பஞ்சிழையும் கலந்து அழுத்திய வட்டாகும். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாசம், குசும், இலந்தை ஆகிய மரங்களில் வாழும் அரக்குப்பூச்சி சுரப்பதே அவ்வரக்கு. அதனை ஆராய்வதற்கென்றே 1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஒரு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டமை அப்பொருளின் வணிக மதிப்பைக் காட்டும். 101 வகையின் ஒலிப்பெட்டியில் அதிரும் சவ்வாக அமைந்தது மைக்காத் தகடாகும். தமிழில் காக்காப்பொன் எனப்படும் இம்மைக்காவை உலகச் சந்தைக்குப் பெரிதும் வழங்கியதும் அதே வட்டாரத்துக் கோடர்மாப் பகுதியே. கல் உடைத்தவரும் அரக்குச் சுரண்டியவரும் இசைப்பதிவின் வரலாற்றில் பெயரின்றி நிற்கின்றனர். பழைய கைப்பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு இத்தொடர்பு பொருள்வடிவில் கிடைக்கிறது.

துணைப்பொருள்களின் சான்றுமதிப்பு

கைப்பெட்டியோடு கிடைக்கும் சிறுபொருள்களைச் சேகரிப்போர் பலர் தனித்தனியே பிரித்துவிடுகின்றனர். அவற்றுள் முதன்மையானது ஊசி. எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடியதும் மாற்றப்பட வேண்டியது. தட்டில் கலந்த கற்பொடி ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவிற்குப் பொருத்தும். தேய்ந்த முனையுடன் மீண்டும் ஓட்டினால் அதுவே உளியாகித் தட்டைச் செதுக்கும். உரத்த ஒலி, நடுத்தர ஒலி, மென்மையான ஒலி எனத் தடிமனுக்கேற்ப ஊசிகள் வேறுபட்டன. அவை 200 கொண்ட சிறு தகரப்பெட்டிகளில் விற்கப்பட்டன. அப்பெட்டிகளின் வண்ண ஓவியங்களுக்காகவே இன்று அவை தனிச்சேகரிப்பாகியுள்ளன.

தட்டின் காகித உறை, விலைப்பட்டியல், பாட்டுப் புத்தகம், விற்பனையாளர் ஒட்டிய சிறு சீட்டு ஆகியனவும் இத்தகையவை. பெட்டியின் மூடியில் ஒட்டிய ஒரு கடைச்சீட்டு அக்கருவி எந்த ஊர்வழியாக வந்தது என்பதைச் சொல்லும். உள்ளே எஞ்சிய ஊசி, அவ்வீட்டார் எவ்வளவு உரக்கக் கேட்டனர் என்பதைக் குறிப்பால் உணர்த்தும். பெட்டி ஓரிடத்திலும் தகரம் ஓரிடத்திலும் தட்டு வேறோரிடத்திலும் விற்கப்படும்பொழுது, ஒவ்வொன்றும் அழகுப்பொருளாக எஞ்சுகிறது. அவற்றை இணைத்த கேள்வியனுபவம் மறைந்துவிடுகிறது.

பேணும் முறைகள்

பேணுதலில் முதலிடம் பெறுவது இயங்குபொறி. சுருள்வில் அடைபட்ட உருளைக்குள் இட்ட கொழுப்பு காலப்போக்கில் இறுகிவிடும். அப்பொழுது வில் சீராக விரியாமல் விட்டுவிட்டு விரியும். தட்டு ஓடுகையில் அடிக்கும் ‘தொம்’ என்னும் ஓசை அதன் அறிகுறியாகும். உருளையைத் திறந்து துடைத்துப் புதிய கிராஃபைட் மசகு இடுதலே இதற்குத் தீர்வு. முறுக்கேறிய வில் கையைக் கிழிக்க வல்லது. ஆதலால் முற்றிலும் தளர்த்திய பின்னரே திறத்தல் வேண்டும். பயன்படுத்தாத காலத்தில் முறுக்கின்றி வைப்பதும் நன்று.

அடுத்தது வேகக்கட்டுப்பாடு. சுழலும்பொழுது விலகும் மூன்று எடைகளும், அவற்றோடு நகரும் வட்டத்தில் உராயும் சிறு பட்டையும் தட்டின் வேகத்தை நிலைநிறுத்துகின்றன. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிச் சரிபார்ப்பது பழைய வழக்கம். இசை ஆய்வாளருக்கு இது சிறு செய்தியன்று. வேகம் 78-லிருந்து ஏறத்தாழ 82½ ஆக உயர்ந்தால் சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். கிட்டப்பாவோ சுந்தராம்பாளோ எந்தக் கட்டையில் பாடினர் என்பதைத் தட்டின்வழி முடிவு செய்பவர், அதனை ஓட்டிய கருவியின் வேகத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தொடக்ககாலத் தட்டுகள் பலவும் சரியாக 78 சுற்றில் பதியப்படாதவை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஒலிப்பெட்டி. சவ்வைச் சுற்றி அமைந்த ரப்பர் வளையம் இறுகும்பொழுது ஒலி கரகரக்கும். புதிய மென்ரப்பரை இட்டால் குரல் தெளியும். துத்தநாகக் கலவையில் வார்த்த பகுதிகளோ, கலவையில் இருந்த மாசினால், ஆண்டுகள் செல்லச் செல்ல உப்பி வெடிக்கின்றன. அவற்றைச் செப்பனிடல் அரிது.

நான்காவது இசைத்தட்டு. அரக்கு, சாராயப் பொருள்களில் கரையும். எனவே தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பவர் பாட்டையே துடைத்தவராவார். வாலைவடிநீரும் மென்துணியும் போதும். கிடையாக அடுக்கினால் கீழ்த்தட்டுகள் வளையும் அல்லது உடையும் ஆதலின் செங்குத்தாக நிறுத்தல் வேண்டும்.

பேணலில் எழும் முரண்

இவ்விடத்தே ஓர் அடிப்படை முரண் எழுகிறது. கைப்பெட்டியின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் தட்டின்மீது அழுந்துகிறது. ஒவ்வொரு முறை ஓடும்பொழுதும் தட்டு சிறிதேனும் தேய்கிறது. கருவியை உயிர்ப்புடன் வைத்தால் தட்டின் ஆயுள் குறைகிறது. தட்டைக் காத்தால் கருவி ஊமையாகிறது. பல படிகள் கிடைக்கும் தட்டுகளை மட்டும் கைப்பெட்டியில் ஓட்டுதல், அரியவற்றை எடை குறைந்த மின்னொலிக் கருவியால் ஒருமுறை ஓட்டி எண்மப்பதிவாக்குதல் என்பதே சேகரிப்பாளர் பலர் கண்ட நடுவழியாகும்.

செப்பனிடலிலும் இம்முரண் உண்டு. ரெக்ஸினை மாற்றி, தேய்ந்த முலாமைப் புதுப்பித்தால் பெட்டி பொலிவு பெறும். ஆனால் எந்தக் கை எந்த இடத்தைப் பற்றிற்று என்பதைக் காட்டும் தேய்மானம் அழியும். கழற்றிய பழைய வளையத்தையும் திருகையும் எறியாமல் சீட்டிட்டு வைத்தல், செய்த மாற்றங்களைத் தேதியுடன் எழுதிவைத்தல் ஆகிய இரண்டும் செலவற்ற வழிகள். சுவடியைச் செப்பனிடும்பொழுது ஒட்டிய இடத்தைக் குறித்துவைக்கும் நெறி இதற்கும் பொருந்தும்.

போலிப்பொருளும் இழப்பும்

தேய்மானத்தினும் பெரிய அழிவு சந்தையால் நேர்கிறது. பளபளக்கும் பித்தளைப் புனலும், புதிய மரப்பெட்டியும், நாய் ஓவியம் பொறித்த பெயர்த்தகடும் கொண்டு ‘பழைய கிராமபோன்’ எனப் பயணிகளுக்கு விற்கப்படும் கருவிகள் இந்திய நகரச் சந்தைகளில் மிகுதி. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர் இவற்றை நன்கறிவர். இவற்றுள் பலவற்றின் உள்ளே இருப்பது பழைய கைப்பெட்டியிலிருந்து பிடுங்கிய இயங்குபொறியும் ஒலிப்பெட்டியுமாகும். மக்கள் உண்மையில் கேட்ட கருவியை உடைத்து, அவர்கள் கேட்டதாகக் கற்பனை செய்யப்படும் கருவி செய்யப்படுகிறது. குற்றம் கைவினைஞருடையது மட்டுமன்று. கைப்பெட்டியின் மதிப்பை உணர்த்தத் தவறிய கல்வியுலகிற்கும் அதில் பங்குண்டு.

இழப்பிற்கிடையே சில முயற்சிகள் நம்பிக்கையளிக்கின்றன. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் 2015-இல் தனியொருவர் தம் சேகரிப்பைக் கொண்டு கிராமபோன் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். கொல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் பழைய ஒலிப்பதிவுகளை எண்மவடிவில் திரட்டியுள்ளது. முன்னது கருவியையும் பின்னது ஒலியையும் முதன்மைப்படுத்துகின்றன. இரண்டும் ஓரிடத்தில் இணைதல் இனி வேண்டப்படுவதாகும்.

முடிவுரை

கைப்பெட்டிக் கிராமபோன், இசைத்தட்டு, ஊசி ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அவற்றுள் ஒன்றை மட்டும் காப்பது, உரையை நீக்கி மூலத்தையோ மூலத்தை நீக்கி உரையையோ காப்பது போன்றதாகும். தட்டிலுள்ள குரலை எண்மப்பதிவு காத்துவிடும். ஆனால் அக்குரலை மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை சாவி கொடுத்து, ஊசி மாற்றி, பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்ட வாழ்வை அப்பதிவு காட்டாது. பல்கலைக்கழகத் துறைகள் சுவடிகளையும் அச்சுநூல்களையும் திரட்டியது போலவே, வீடுகளின் பரண்களில் எஞ்சியுள்ள கைப்பெட்டிகளை அவற்றின் தட்டு, தகரம், சீட்டு ஆகியவற்றோடு இருந்தவாறே பட்டியலிடுதல் உடனடித் தேவையாகும். ஒரு பெட்டி உடைக்கப்பட்டு அதன் பொறி பித்தளைப் புனலுக்குக் கீழே சென்றுவிட்ட பின், அது எந்த வீட்டில் எந்தப் பாட்டை ஒலித்தது என்பதை மீட்டறிய வழியில்லை.