டிஃபிப்ரிலேட்டர்: இதயத் துடிப்பை மீட்கும் மின்னதிர்ச்சி

இதயத்தின் கீழறைத் தசையிழைகள் ஒருசேரச் சுருங்காமல் தத்தம் போக்கில் துடிதுடித்தால் ரத்தம் வெளியேறாது. சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இந்தக் கீழறை நடுக்கத்தை நிறுத்த மார்பில் ஒரு கணம் மின்சாரம் பாய்ச்சுவதே டிஃபிப்ரிலேஷன். அது தசை முழுவதையும் ஒரே நேரத்தில் அடக்க, இதயத்தின் இயல்பான துடிப்பு மையம் மீண்டும் பொறுப்பேற்கிறது.

1775-இல் டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் பீட்டர் கிறிஸ்டியன் அபில்ட்கார்ட் கோழிகளைத் தலையில் மின்னதிர்ச்சி கொடுத்துச் சாய்த்தார். மார்பில் கொடுத்ததும் அவை எழுந்தன. பலமுறை விழுந்தெழுந்த ஒரு கோழி ஒரு பகலும் இரவும் தீனி தொடாமல் கிடந்து, பிறகு தேறி முட்டையும் இட்டது. காரணம் விளங்க 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறைந்த மின்சாரம் நடுக்கத்தை உண்டாக்கும், கூடுதல் மின்சாரம் அதை நிறுத்தும் என்று ஜெனீவாவில் ஆய்வாளர்கள் பிரெவோவும் பத்தெல்லியும் நாய்களிடம் கண்டறிந்தனர்.

அவர்களுடன் பணியாற்றிய லினா ஸ்டெர்ன் 1925-இல் சோவியத் நாட்டுக்குப் போனார். அவருடைய மாணவர் நவூம் குர்விச், மின்தேக்கியில் சேமித்த மின்சாரத்தை ஒரே வீச்சில் பாய்ச்சுவதே சிறந்தது என 1939-இல் நிறுவினார். அவருடைய ஆய்வு 1940-களிலேயே ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆனாலும் இப்படி இயங்கும் நேர்மின்னோட்டக் கருவியின் தந்தை என்ற பெயர், 1962-இல் அதை அமெரிக்காவில் பரவலாக்கிய மருத்துவர் பெர்னார்ட் லோனுக்கே போனது. முதன்மை குர்விச்சுக்கு உரியது.

மனிதரிடம் முதல் வெற்றி 1947-இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். 14 வயதுச் சிறுவனுக்கு நெஞ்சறுவை முடியும் தறுவாயில் துடிப்பு நின்றது. மருத்துவர் கிளாட் பெக் நெஞ்சை மறுபடி திறந்து, இதயத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாகக் கையால் பிசைந்தார். பிறகு மின்தகடுகளை இதயத்தின் மேலேயே வைத்து மாறுமின்னோட்டம் செலுத்தினார். முதல் முயற்சி பலிக்கவில்லை. அடுத்ததில் துடிப்பு திரும்பியது. பையன் பிழைத்தான்.

நெஞ்சைத் திறக்காமலே இதைச் செய்யலாம் என்று 1956-இல் மருத்துவர் பால் சோல் காட்டினார். 1965-இல் பெல்ஃபாஸ்டின் மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ், கார் பேட்டரியில் இயங்கும் சுமார் 70 கிலோ கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்.

இன்று விமான நிலையங்களில் வைத்திருக்கும் தானியங்கிக் கருவி துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவையானால் மட்டுமே அதிர்ச்சி தரும். துடிப்பு அடியோடு அடங்கி நேர்கோடாகிவிட்ட இதயத்துக்கு அது பயன்படாது. மார்பை அழுத்தும் முதலுதவியும் இல்லாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது.