திருச்சி சுருட்டும் கருத்துப்போகும் கால்விரலும்

ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் உண்டு. நம்ம 'சுருட்டு'தான் அது. திண்டுக்கல் பக்கம் விளைந்த புகையிலை உறையூரில் சுருட்டாகி, 'டிரிச்சினாபோலி' என்ற பெயரில் லண்டன் வரை போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது டிரிச்சினாபோலி என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். சர்ச்சில் பிடித்ததும் நம்ம ஊர்ச் சுருட்டுதான் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். மன்னார்புரத்திலிருந்து உறையூர் சில கிலோமீட்டர்தான். அதனால் இந்தப் பெருமையை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஒரு டாக்டர். அந்தக் கதை வருவதற்கு எட்டு வருஷம் முன்னால், 1879-இல், வியன்னாவில் ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 57 வயதுக்காரர் ஒருவரின் அழுகிய காலை ஆராய்ந்து எழுதினார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் உள்ளுக்குள்ளேயே அடைபட்டிருந்தன. 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர், வெட்டியெடுக்கப்பட்ட 11 கை கால்களைச் சோதித்து அதே விஷயத்தை விரிவாக எழுதினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான்: பர்கர் நோய்.

அவர் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். அதனால் இதை யூதர்களின் வியாதி என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். அந்த நம்பிக்கை நம்ம பக்கம் வந்தால் நிற்காது. கை கால் ரத்தக்குழாய் நோயாளிகளில் பர்கர் நோய்க்காரர்கள் மேற்கு ஐரோப்பாவில் 0.5 முதல் 5.6 சதவீதம், இந்தியாவில் 45 முதல் 63 சதவீதம் என்று மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது புகையிலை ஒன்றுதான். இங்கே பெரும்பாலும் பீடி.

வயதானவர்களுக்கு வருகிற கொழுப்பு அடைப்பு வேறு, இது வேறு. கை கால்களின் சின்ன, நடுத்தர ரத்தக்குழாய்களில் அழற்சி வந்து, உள்ளே ரத்தம் உறைந்து வழியை மூடிவிடுகிறது. அதிகமும் 45 வயதுக்குள் இருக்கிற ஆண்களுக்குத்தான். கொஞ்ச தூரம் நடந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். வாயு, வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். அப்புறம் படுத்தால் வலி. ராத்திரி முழுக்கக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கொஞ்சமாவது ரத்தம் இறங்கட்டும் என்று. கடைசியில் விரல் கருத்துப்போகும். மூட்டை தூக்கியோ வண்டி இழுத்தோ பிழைக்கிற ஆளுக்கு முப்பத்தைந்து வயதில் கால் போனால் அந்த வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

ராஜாவும் தப்பவில்லை. இந்தியாவின் கடைசிப் பேரரசர் ஆறாம் ஜார்ஜ் சிகரெட்டாக ஊதித் தள்ளியவர். 1948 நவம்பரில் அவர் காலில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதாகச் சொல்லி ஆஸ்திரேலியப் பயணத்தைத் தள்ளிவைத்தார்கள். பர்கர் நோய் என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது வெளியே சொன்னது தமனித் தடிப்பு என்றுதான். வலது காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே ஜேம்ஸ் லியர்மந்த் அறுவை சிகிச்சை செய்தார். ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்பை இடுப்புப் பகுதியில் துண்டிப்பது. அடைப்பை அது எடுக்காது. திறந்திருக்கிற சின்னக் குழாய்கள் கொஞ்சம் விரிந்து கால் சூடாகும், அவ்வளவுதான். நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகளில் பீடிக்காரர்களுக்கும் இதே ஆபரேஷனைப் பல காலம் செய்து வந்தார்கள்.

உறையூர்ச் சுருட்டுதான் இத்தனை கால்களையும் தின்றது என்று நான் சொல்ல வரவில்லை. சுருட்டுப் புகையைப் பலரும் வாயோடு விட்டுவிடுவார்கள். பீடியைத்தான் நெஞ்சு வரை இழுப்பார்கள். ஆனால் நம்ம ஊர்ப் புகையிலையின் கதையை எழுதுகிறவர்கள் யார் பிடித்தார்கள் என்று மட்டும் எழுதுகிறார்கள். பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது அனுப்பினார் சீனிச்சர்க்கரைப் புலவர். அந்தப் 'புகையிலை விடு தூது'வை உ.வே.சா. பதிப்பித்தார். பாட்டு ஏட்டில் ஏறிவிட்டது. கால் இழந்தவர்கள் ஏறவில்லை.

இத்தனைக்கும் இந்த நோயில் மருந்தைவிட முக்கியமானது ஒன்றே ஒன்று. விரல் அழுகுவதற்கு முன்னால் புகையிலையை அடியோடு விட்டவர்களுக்குக் கால் எடுக்க வேண்டி வருவது அபூர்வம். 'குறைச்சுட்டேன் டாக்டர்' என்பது இங்கே எடுபடாது. நாளைக்கு ஒன்றிரண்டு பிடித்தாலும் நோய் உயிரோடு இருக்கும். வெற்றிலையோடு மெல்லுகிற புகையிலையும் மூக்குப்பொடியும்கூட அதற்குப் போதும்.