பேசாத கட்டுப்பாட்டு அறைகள்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் 2017 மே 22 இரவு 10.31 மணிக்கு, இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிக் கொண்டிருந்தபோது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. 22 பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அரங்கிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் தீயணைப்பு நிலையம் ஒன்று இருந்தது. ஆனால், தீயணைப்பு வீரர்கள் அரங்குக்கு வந்து சேர்ந்தது இரண்டு மணி நேரத்துக்கும் பிறகுதான். அதற்குள் விளம்பரப் பலகைகளிலும் தடுப்பு வேலித் துண்டுகளிலும் மேசைப் பலகைகளிலும் காயம்பட்டவர்களைக் கிடத்தி, அங்கிருந்தவர்களே தூக்கிச் சென்றுவிட்டனர்.

அன்று இரவு வயர்லெஸ் பழுதாகவில்லை. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்று சேவைகளுக்கும் பொதுவான டிஜிட்டல் வயர்லெஸ் கட்டமைப்பு பிரிட்டனில் அப்போதே நடைமுறையில் இருந்தது. மூன்று கட்டுப்பாட்டு அறைகளும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கேட்கும் வகையில் பொது அலைவரிசைக் குழு ஒன்றைத் திறக்கவும் வழி இருந்தது. அதை எவரும் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். சிதறிய உலோகத் துண்டுகள் ஏற்படுத்திய காயங்கள் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் என்று தொடக்கத்தில் தகவல் பரவியது. ஆயுதம் ஏந்தியவர்கள் நடமாடக்கூடும் என்று கருதிய தீயணைப்புத் துறையின் தொடர்பு அதிகாரி, தம் வீரர்களைச் சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு நிலையத்தில் கூடச் செய்தார். நிலைமையை உறுதிசெய்ய அவர் காவல்துறையின் பணிநேர அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தபோது இணைப்பு கிடைக்கவில்லை. அந்த ஒற்றை அதிகாரியின் தோளில்தான் அன்று இரவு எல்லாப் பொறுப்பும் விழுந்திருந்தது. ஆயுதமேந்திய தாக்குதலுக்கான தனி நடைமுறையை அவர் அறிவித்தார். ஆனால், அதைத் தீயணைப்புத் துறைக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் தெரிவிக்கவில்லை. ரயில்வே காவல்துறை சில நிமிடங்களிலேயே 'பெருநிகழ்வு' என்று அறிவித்திருந்தது. அது மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மாநகரக் காவல்துறையோ அவ்வாறு அறிவித்தபோது நள்ளிரவு கடந்து வெகுநேரமாகியிருந்தது. எல்லோரும் வந்து கூடவேண்டிய பொது இடம்கூட முடிவாகவில்லை; ஒவ்வொரு துறையும் தனக்கென ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டது.

இதில் வேதனை தரும் செய்தி ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன்பு, 2016 மே மாதத்தில், அதே மாநகரக் காவல்துறை பெரிய ஒத்திகை ஒன்றை நடத்தியது. அந்த ஒத்திகையிலும் பணிநேர அதிகாரி வேலைச் சுமையில் திணறினார். அதிலும் மற்ற இரு துறைகளுக்குச் செய்தி போகவில்லை. ஒத்திகை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது காட்டிய ஓட்டையை அடைக்கத்தான் ஆளில்லை. நீதிபதி ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை, 2022 நவம்பரில் வெளியிட்ட இரண்டாவது தொகுதியில் இவற்றையெல்லாம் நாழிகைக் கணக்காக விவரிக்கிறது. இறந்தவர்களில் ஒருவர், உரிய சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றும் அது முடிவு கூறியது.

இதற்கு முந்தைய பெருந்துயரங்களில் குறை கருவியில் இருந்தது, அல்லது கருவியில் இருப்பதாகத் தோன்றியது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தெற்குக் கோபுரம் காலை 9.59 மணிக்குச் சரிந்தது; வடக்குக் கோபுரம் 10.28 மணிக்குச் சரிந்தது. இடையில் 29 நிமிடங்கள். வடக்குக் கோபுரத்தின் படிக்கட்டுகளில் இருந்த தீயணைப்பு வீரர்களில் பலருக்குப் பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதே தெரியாது. வெளியேறுங்கள் என்ற ஆணையும் பலர் காதில் விழவில்லை. வானில் வட்டமிட்ட ஹெலிகாப்டரிலிருந்து, கோபுரம் நிலைக்காது என்று காவலர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை காவல்துறையின் அலைவரிசையில் ஒலித்தது. தீயணைப்புத் துறையின் அலைவரிசை வேறு. அன்று உயிரிழந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர்.

அங்கும் கதை கருவியோடு முடியவில்லை. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு, உயரமான தளங்களுக்கும் ஒலி எட்டும்படி அந்த வளாகத்தில் அலைபெருக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் அதைச் சோதித்த அதிகாரிகள், வேலை செய்யவில்லை என்று முடிவுசெய்து விட்டுவிட்டார்கள். இயக்கவேண்டிய இரண்டு பொத்தான்களில் ஒன்று மட்டுமே இயக்கப்பட்டிருந்தது என்பதைப் பின்னர் விசாரணை ஆணையம் கண்டறிந்தது. உதவி கேட்டு அழைத்த மக்களிடம் பேசிய தொலைபேசிப் பணியாளர்களுக்கோ, வெளியேற்ற முடிவு எடுக்கப்பட்டது தெரியவில்லை. வழக்கமான அறிவுரைப்படி, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று அவர்களில் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லண்டனில் 1987இல் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீவிபத்தில் 31 பேர் இறந்தபோது, நிலத்தடியிலும் இயங்கும் வயர்லெஸ் அவசரகால சேவைகளுக்குத் தேவை என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. 2005 ஜூலை 7 அன்று மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டபோது, அவசரகால சேவைகளில் ரயில்வே காவல்துறையின் வயர்லெஸ் மட்டுமே நிலத்தடியில் இயங்கியது. மற்றவர்கள் படியேறி வந்து செய்தி சொல்லிவிட்டு மீண்டும் இறங்கவேண்டியிருந்தது. கைப்பேசியை நம்பியிருந்த ஆம்புலன்ஸ் சேவை, கட்டமைப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டது.

பெருநிகழ்வுகளில் மீட்புப் படையினருக்கு வேண்டிய தகவல் ஒன்றும் மறைபொருள் அன்று. பிரிட்டனில் மூன்று சேவைகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட பட்டியலில் ஏழே விஷயங்கள் உள்ளன: பெருநிகழ்வு என்று அறிவிக்கப்பட்டதா, துல்லியமான இடம் எது, நடந்தது என்ன, அங்குள்ள ஆபத்துகள் எவை, எந்த வழியாக உள்ளே போகலாம், பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர், எந்தச் சேவைகள் வந்துள்ளன, இன்னும் எவை வேண்டும். முதலில் சென்றடைபவர் இந்த ஏழையும் சொல்லிவிட்டால் மற்றவர்களால் முடிவெடுக்க முடியும். இந்தப் பட்டியல் மான்செஸ்டரிலும் இருந்தது. பயிற்சியும் அளிக்கப்பட்டிருந்தது.

பிறகு ஏன் தவறியது? தன் துறைக்குத் தெரிந்தது மற்றத் துறைக்கும் தெரிந்திருக்கும் என்ற எண்ணமே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குண்டு வெடித்த கூடத்தில் நின்ற காவலர்களுக்கு அங்கே துப்பாக்கிச் சூடு இல்லை என்பது விரைவிலேயே புலப்பட்டது. அந்த அறிவு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் காத்திருந்த தீயணைப்பு வீரர்களுக்குப் போகவேண்டும் என்று நினைவூட்ட எவரும் இல்லை. இரண்டாவது காரணம், எல்லாச் செய்தியும் ஒரே மனிதர் வழியாகச் செல்லும்படி அமைத்தது. சாதாரண நாள்களில் அது ஒழுங்கு. பெருநிகழ்வில் அதுவே அடைப்பு. இந்த இரண்டையும் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கும் கருவியால் சரிசெய்ய இயலாது. அரசுகள் கருவியை விரும்புவதற்குக் காரணம், அதற்குத் திறப்பு விழா நடத்தலாம் என்பதாகவும் இருக்கலாம்!

தமிழ்நாட்டுக்கும் இதில் ஆழ்ந்த அனுபவம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு கைப்பேசிச் சேவையும் அற்றுப்போனதை மறந்திருக்க மாட்டோம். அதற்கும் முன்பு, 2004 ஆழிப்பேரலையில் அந்தமான் தீவுகளின் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, வேறொரு நோக்கத்துக்காக போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர்தான் பல நாள்கள் செய்திகளைக் கடத்தினர். தற்செயலாக அவர்கள் அங்கே இருந்தார்கள்.

இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிகழ்விடத்தில் யார் தலைமை ஏற்பது, யார் யாருக்குச் செய்தி தருவது என்பதை வரையறுத்திருக்கிறது. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112 என்ற ஒரே எண்ணும் வந்துவிட்டது. ஒரே எண் என்பது மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான பாதை. துறைக்கும் துறைக்கும் இடையிலான பாதை வேறு. அதை ஒத்திகையில்தான் சோதிக்க முடியும். மாவட்டங்களில் நடக்கும் பேரிடர் ஒத்திகைகளில் எத்தனை பேரை எத்தனை நிமிடங்களில் மீட்டோம் என்று கணக்கெடுப்பதோடு, இன்னொன்றையும் கடிகாரம் வைத்து அளக்கலாம். முதலில் போய்ச் சேர்ந்த காவலர் கண்டது, தீயணைப்பு நிலையத்துக்கும் 108 ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிய எவ்வளவு நேரமாயிற்று? அந்தக் கணக்கைப் பெறும் அதிகாரி யார், அடுத்த ஒத்திகைக்குள் அதைக் குறைக்கவேண்டியவர் யார் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.