ஒருசந்தியும் யானைத்தீயும்

மேற்கு மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல்லில், பெரியாறு, கோயிலாறு என இரண்டு அணைகள் உள்ளன. அவற்றின் நீர் பாயும் வயல்களும், மலையோரத் தோப்புகளும், திருவில்லிபுத்தூரின் பால்கோவாக் கடைகளும் இந்த வட்டாரத்தை உண்பதற்கும் உபசரிப்பதற்கும் பெயர்போன மண்ணாக்கியுள்ளன. இங்கே விருந்தினரை வெறும் வயிற்றோடு அனுப்புவது பழியாகும். இத்தகைய மண்ணில் வாயைக் கட்டி வாழ நேர்ந்தவர்களின் துன்பம் தனித்துன்பம்.

அத்துன்பத்தை நானும் அறிவேன். சர்க்கரை நோய் கண்டபோது, நாளொன்றுக்கு 1,200 கலோரி என வரையறுத்த உணவுப் பட்டியல் ஒன்று என் கைக்கு வந்தது. அப்போது தவக்காலம். மருத்துவத்தையும் பக்தியையும் ஒன்றாக்கிக் கொள்ளலாம் என எண்ணி, பட்டியலில் இருந்ததிலும் பாதியைக் குறைத்தேன். பத்து நாள்கள் பெருமிதத்தோடு கழிந்தன. பதினோராம் நாள் இரவு, வீட்டார் உறங்கியபின், சமையலறையில் நின்றபடியே, விளக்கையும் ஏற்றாமல், கைக்கு அகப்பட்டதையெல்லாம் உண்டேன். சுவைத்து உண்ணவில்லை, நிறுத்த முடியாமல் உண்டேன். மறுநாள் தண்டனையாக முழுப்பட்டினி. அதற்கு மறுநாள் இரவு மீண்டும் அதே சமையலறை.

போசனப்பிரியம் என்னும் தலையான பாவத்தில் விழுந்ததாக ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டேன். முதிய குருவானவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்று பகலில் என்ன சாப்பிட்டீர்கள்?" அக்கேள்வியின் பொருள் அன்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை. பின்னர் திருஅவையின் வரலாற்றைப் படித்தபோதுதான், அது அவர் தாமாகக் கேட்ட கேள்வியன்று, பதினாறு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி என அறிந்தேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் துறவிகள் திரளாகக் குடியேறினர். அவர்களுள் ஒருவரான எவாகிரியு, மனிதரை அலைக்கழிக்கும் தீய எண்ணங்கள் எட்டு எனக் கணக்கிட்டு, உணவைப் பற்றிய எண்ணத்தை முதலிடத்தில் வைத்தார். பின்னாளில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் வகுத்த ஏழு தலையான பாவங்களின் வரிசைக்கு அந்தப் பட்டியலே வேர். அந்தப் பாலைவன ஞானத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர் யோவான் காசியன். எகிப்தில் பல ஆண்டுகள் தங்கிய அவர், பிரான்சின் மார்செய் நகரில் குடியேறி, துறவிகளிடம் தாம் கேட்டவற்றை உரையாடல்களாக எழுதிவைத்தார்.

அவற்றுள் இரண்டாம் உரையாடலில், மோயீசன் என்னும் மூத்த துறவி பகுத்துணர்வு பற்றிப் பேசுகிறார். பாலைவனத் துறவிகளின் அன்றாட உணவு இரண்டு சிறு உலர்ந்த அப்பங்கள். இரண்டும் சேர்ந்து ஓர் உரோமை இறாத்தலை, அதாவது சுமார் 327 கிராமை, எட்டுவதே அரிது. பெஞ்சமின் என்னும் துறவி ஒருவர் இந்த அளவை நாள்தோறும் உண்ண விரும்பவில்லை. இரண்டு நாள்கள் ஒன்றும் உண்ணாதிருந்து, பின்னர் நான்கு அப்பங்களையும் ஒருசேர உண்டு வயிற்றை நிரப்பிக்கொள்வார். கணக்குப் பார்த்தால் அளவு ஒன்றுதான். வெளிப்பார்வைக்கு அவர் மற்றவரைவிடக் கடுமையான நோன்பாளி. ஆனால் மூத்தவர்கள் ஏமாறவில்லை. அந்தப் பட்டினி, நிறைந்த வயிற்றின் இன்பத்துக்காகக் காத்திருக்கும் பட்டினி எனக் கண்டுகொண்டனர். பெஞ்சமின் இறுதியில் பாலைவனத்தை விட்டே போய்விட்டார்.

அதே உரையாடலில் மோயீசன் தம் அனுபவத்தையும் மறைக்கவில்லை. உணவு, உறக்கம் ஆகியவற்றின் மீதான நாட்டத்தைவிட, அவற்றை அளவுமீறி மறுத்ததே தமக்குப் பெரிய ஆபத்தாயிற்று என்கிறார். மிகை நோன்பும் மிகை உணவும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும் என்பது அவர் கண்ட முடிவு. உடல்வலிமையும் வயதும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் எல்லாருக்கும் ஒரே உணவு விதி பொருந்தாது என்று காசியன் மற்றொரு நூலில் எழுதுகிறார்.

இந்த எச்சரிக்கையை மறந்தவர்களும் உண்டு. உரோமையில், புனித எரோணிமுவின் வழிகாட்டலில் கடுநோன்பு மேற்கொண்ட பிளசில்லா என்னும் இளம் கைம்பெண் 384-இல் இறந்தபோது, மக்கள் துறவிகள் மீது சினந்தெழுந்தனர். சியன்னா நகரின் புனித கத்தரீன் உண்ணவே இயலாதவராகி, 1380-இல், தம் 33-ஆம் வயதில் மறைந்தார். புனிதர்களின் அன்பைப் பின்பற்றுவது கடமை. அவர்களுடைய பட்டினியைப் படியெடுப்பது கடமையன்று.

புனித இஞ்ஞாசியார் இதைத் தம் உடலால் கற்றவர். 1522-இல் மன்ரேசாவில் அளவுமீறி நோற்றுத் தம் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்ட அவர், 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், நோன்பைக் குறைத்து வயிற்றைப் பேணும்படி அறிவுறுத்தினார். அதே ஆண்டில் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில் உண்பதைப் பற்றிய எட்டு விதிகள் உள்ளன. உண்ணும்போது இயேசு தம் சீடரோடு பந்தியமர்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். அவசரமாக உண்ண வேண்டாம் என்கிறார். அடுத்த வேளைக்கான அளவை, உண்டு முடித்து, பசியில்லாதிருக்கும் வேளையில் முடிவு செய்யுமாறு கூறுகிறார். பசித்தவன் தன் உணவுக்கு நல்ல நீதிபதி அல்லன் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல இயலாது. மிகுதியாக உண்ணச் சோதனை வந்தால் இன்னும் குறைத்து உண்ணுமாறும் அவ்விதிகள் சொல்வது உண்மைதான். ஆயின் நம்மைப்போல் பட்டினியால் நிலைகுலைந்தவர்கள் அந்த ஒரு வரியை வழிகாட்டியின்றிக் கையாளலாகாது. 1606-இல் மதுரைக்கு வந்து, புலால் நீக்கி, நாளுக்கு ஒருவேளை உண்டு வாழ்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியும் இந்தப் பயிற்சிகளில் வளர்ந்தவரே.

நம் தமிழ் மரபும் இதை அறியாததன்று. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் விஞ்சைமகள் பொதிய மலைக்கு வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாவற்பழம் உண்டு நோற்கும் முனிவர் ஒருவர் வைத்திருந்த பழத்தை, அறியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். முனிவரின் சாபத்தால் எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றுகிறது. உண்ணா நோன்பும் அடங்காப் பசியும் ஒரே கதையில், ஒரே மலையடிவாரத்தில் சந்திப்பது தற்செயல் என எனக்குத் தோன்றவில்லை. அந்நோய் தீர்ந்தது பழிச்சொல்லாலன்று. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட அன்னத்தால்.

திருவில்லிபுத்தூரின் ஆண்டாளோ நோன்புக்கு நல்லதொரு முடிவையும் காட்டுகிறாள். திருப்பாவையின் தொடக்கத்தில் நெய்யும் பாலும் விலக்கும் பெண்கள், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் வழியும் பாற்சோற்றை எல்லாருமாகக் கூடியிருந்து உண்கிறார்கள். நோன்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் ஒளிந்து உண்ணும் இருளில்லை, பந்தி உண்டு.

நம் திருஅவையின் நடைமுறையும் அப்படியே. நம் முன்னோர் நோன்புக்கு வைத்த பெயர் 'ஒருசந்தி'. ஒருவேளை முழு உணவு உண்பது என்பது அதன் பொருள், உண்ணவே கூடாது என்பதன்று. ஞாயிறன்று நோன்பிருப்போரை நான்காம் நூற்றாண்டின் கங்கிரா சங்கமே கண்டித்தது. தவக்காலத்தின் நாற்பது நாள் கணக்கிலும் ஞாயிறுகள் சேர்வதில்லை. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒருசந்திக் கடமையைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய நாள்களுக்கு உரியதாக்கினார். 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டம் 18 வயது நிறைந்தோர் முதல் 59 வயது நிறையாதோர் வரை மட்டுமே அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது. நோயாளிகளை அது என்றும் வற்புறுத்தியதில்லை.

பாலைவனத் துறவிகள் கண்டதை அறிவியல் பின்னர் அளந்து காட்டியது. 1944-இன் இறுதியில், போரிட மறுத்த 36 இளைஞர்கள், போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு உதவும் நோக்கில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவரின் ஆய்வுக்குத் தங்களை ஒப்படைத்தனர். அவர்களுள் பலர் போரை மறுக்கும் கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்தவர்கள். 24 வாரங்கள் அவர்களுடைய உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உடல் எடையில் சுமார் கால்பங்கு கரைந்தது. கொள்கைக்காகத் துன்பம் ஏற்ற அந்த மனஉறுதி படைத்தவர்கள், நாளெல்லாம் உணவையே நினைத்தனர், சமையல் நூல்களைப் படித்தனர், தட்டை நக்கினர். சிலர் கட்டுப்பாட்டை மீறி ஒளிந்து உண்டு, பின்னர் குற்றவுணர்வால் நொந்தனர். உணவு திரும்பக் கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்காமல் பலர் உண்டனர். அவர்கள் போசனப்பிரியர்கள் அல்லர். பட்டினியிட்ட உடல் தன் உயிரைக் காக்கப் போராடியது, அவ்வளவே.

1959-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்னும் மருத்துவர் இந்தக் கட்டற்ற உண்ணலை விவரித்து எழுதினார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதைத் தனி நோயாகவே தன் கையேட்டில் சேர்த்தது. இன்றைய சிகிச்சையின் முதற்படி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: வேளை தவறாமல் உண்பது. நெடுநேரம் வயிற்றைக் காயப்போடாதிருப்பது. ஓர் இரவு தவறினாலும் மறுநாள் பட்டினியால் ஈடுகட்டாமல், வழக்கமான காலை உணவை உண்பது. வேட்கை எழும்போது, அது அலைபோல் உயர்ந்து தாழும் எனப் பொறுத்து, தனிமையை விட்டு விலகி, ஒருவரோடு பேசுவது. தொடர்ந்து வருமானால் வெட்கப்படாமல் மருத்துவரை நாடுவது.

நானும் அப்படியே மீண்டேன். மருத்துவர் பட்டியலைத் திருத்திக் கொடுத்தார். வீட்டாரோடு அமர்ந்து, வெளிச்சத்தில், தட்டிலிட்டு உண்ணத் தொடங்கினேன். இரவுகள் மெல்ல அமைதியடைந்தன. அவ்வப்போது தவறியதும் உண்டு. ஆனால் அந்தத் தவற்றுக்கு மறுநாள் பட்டினியைத் தண்டனையாக்கவில்லை.

அணையின் நீரைத் தேக்குவது கரை. ஆனால் மதகு இல்லாத கரை வயலுக்கும் உதவாது, வெள்ளத்துக்கும் நில்லாது. கட்டுப்பாடு வேண்டும், அது வாழ்வுக்கு நீர்விடும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும்.

சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டி மன்றாடிய எலியா இறைவாக்கினரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து உண்ணச் சொன்னார். பயணம் நெடியது என்று காரணமும் சொன்னார். எலியா அதன்பின் நாற்பது நாள் நடந்தார். உண்டது முதலில், நாற்பது நாள் நடை அதன் பிறகு. அன்று அந்த முதிய குருவானவர் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.