புஷ்பக் (மறுபயன்பாட்டு ஏவுகலம்)

புஷ்பக், ஓடுதளத்தில் இறங்கி மீண்டும் பறக்கக்கூடிய ஏவுகலத்திற்கான தொழில்நுட்பங்களைச் சோதிக்க இஸ்ரோ உருவாக்கிய இறக்கையுள்ள கலம். ஆர்.எல்.வி.–டி.டி. திட்டத்தைச் சேர்ந்தது. தோற்றத்தில் அமெரிக்க விண்ணோடத்தை ஒத்திருந்தாலும் இதில் ஆள் பயணம் செய்வதில்லை.

சோதனைகள்

இத்திட்டத்தின் முதல் கலம் 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 1.75 டன் எடையுள்ள அது சுமார் 65 கி.மீ. உயரம் சென்று, ஒலியைப்போல் 5 மடங்கு வேகத்தில் திரும்பி வங்கக்கடலில் விழுந்தது.

தரையிறங்கும் சோதனைகள் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 ஆகிய நாட்களில் நடந்தன. சினூக் ஹெலிகாப்டர் 4.5 கி.மீ. உயரத்தில் விடுவித்த கலம், தானே வழிகண்டு ஓடுதளத்தில் இறங்கியது. இரண்டாம் சோதனையில் பறந்த உடற்பகுதியே மூன்றாவதிலும் பறந்தது.

நிறைகள்

இவ்வகைக் கலத்தில் ஆட்களை அனுப்புவதன் பலன்களுக்கு விண்ணோடமே (1981–2011) முதன்மைச் சான்று. திரும்பும்போது பயணிகள் உணரும் அழுத்தம் குறைவு. கடலில் தேடி மீட்க வேண்டியதில்லை. பெரிய சரக்கறை இருந்ததால் ஹப்பிள் தொலைநோக்கியை விண்வெளியிலேயே 5 முறை பழுதுபார்க்க முடிந்தது. 1984இல் இரு செயற்கைக்கோள்கள் பூமிக்கே கொண்டுவரப்பட்டன.

குறைகள்

இறக்கையும் சக்கரமும் மேலேறும்போது வெறும் சுமை. 20,000க்கும் மேற்பட்ட வெப்பக்காப்பு ஓடுகளை ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் சோதிக்க நேர்ந்ததால் ஆளும் நாளும் செலவாயின. ஆண்டுக்குப் பல பத்துப் பயணங்கள் என்று கணக்கிடப்பட்டது; ஆனால் 30 ஆண்டுகளில் நடந்தவை 135 மட்டுமே. பயணங்கள் குறைந்ததால் ஒவ்வொன்றின் செலவும் ஏறியது. ஏவும்போது விபத்து நேர்ந்தால் குழுவினர் தப்ப முறையான வழி இல்லை. சேலஞ்சர் (1986), கொலம்பியா (2003) விபத்துகளில் கல்பனா சாவ்லா உட்பட 14 பேர் இறந்தனர்.

இந்திய அணுகுமுறை

ஆட்களை அனுப்புவதையும் இறக்கைக் கலத்தையும் இஸ்ரோ தனித்தனித் திட்டங்களாக வைத்துள்ளது. ககன்யான், பாராசூட்டில் கடலில் இறங்கும் இறக்கையற்ற கலம். அதன் குழுவினர் தப்பும் அமைப்பு 2023 அக்டோபர் 21 அன்று சோதிக்கப்பட்டது. புஷ்பக் வழியில் அடுத்த படி, சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம். மறுபயன்பாட்டிற்கு இறக்கை கட்டாயமில்லை: இறக்கையற்ற குரூ டிராகன் கலம் 2021 முதல் ஆட்களுடன் மீண்டும் மீண்டும் பறக்கிறது.