உத்தி பிரிச்ச மைதானமும் ஒன்பது நிமிஷமும்

போன சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய், பையன் மைதானத்தில் ஒன்பது நிமிஷம் ஓடியதைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். அறுபது நிமிஷ ஆட்டம். ஒன்பது நிமிஷம் என்பது குத்துமதிப்பு இல்லை, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். (ஆமாம், அந்த மாதிரி அப்பனாக ஆகிவிட்டேன். சிரிக்காதீர்கள்.)

திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து ஒரு கேள்வி.

"அப்பா, நான் ஒப்புக்குச் சப்பாணியா?"

அவன் பாட்டி போன வருஷம் இங்கே வந்திருந்தபோது சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. தெருவில் பெரிய பிள்ளைகள் விளையாடும்போது அழுதுகொண்டு நிற்கும் பொடியனையும் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஆகாவிட்டாலும் கணக்கில்லை. அவன்தான் ஒப்புக்குச் சப்பாணி. இவன் அதைச் சரியான இடத்தில் பயன்படுத்தியதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. பதில் சொல்லாமல் ஓட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதில் கோச் மேல் தப்பில்லை. மே மாத ட்ரைஅவுட் முடிந்ததும் அவர் என்னிடம் வெளிப்படையாகத்தான் கேட்டார். "ஏ அணியில் கடைசி ஆளாக இருப்பான், அதிகம் ஆட முடியாது. பி அணியில் முழு ஆட்டமும் ஆடுவான். எது வேண்டும்?" நான் யோசிக்கவே இல்லை, ஏ என்றேன். நம் தமிழ்க் குடும்பங்களில் மூன்று பையன்கள் ஏ அணியில் இருக்கிறார்கள், நம்ம பையன் மட்டும் பி-யா? பையனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அதே கோச்சுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நீளமாக ஒரு கோப மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

மெயிலை மூடிவிட்டுக் கொஞ்சம் கொசுவத்தி சுற்றினேன். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூர். அந்த ஊரில் யார் ஆடுவது, யார் வெளியே நிற்பது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கே ஒரு சரித்திரம் இருக்கிறது.

1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்தோடு பட்டாளமாக ஆற்காடு, வேலூர்ப் பக்கமிருந்து தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய், கொத்தனார், சமையல்காரர், சாமான் சப்ளை செய்பவர் என்று எல்லா வேலைக்கும். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூட்ஸ் போட்டுக் கால்பந்து ஆடினார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த நம் பிள்ளைகள் வெறுங்காலில் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் எல்லாம் கால்பந்துப் பேட்டைகள் ஆனது இப்படித்தான். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. அதற்கு 'மினி பிரேசில்' என்று இன்னொரு பெயரும் உண்டு.

அந்தக் காலத்தில் முதல் கதவு பட்டாளம். பெரிய கோப்பைகள் எல்லாம் ரெஜிமென்ட்டுகளின் கையில். பம்பாயில் 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நாற்பது வருஷத்துக்கு மேல் வெள்ளைக்காரப் படை அணிகள்தான் வென்றுகொண்டிருந்தன. 1937-இல் அதை உடைத்த முதல் இந்திய அணி எது தெரியுமா? நம்ம ஊர் பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த வருஷமும் அவர்களே வென்றார்கள். 1946-47-இல் மைசூர் அணி சந்தோஷ் டிராஃபியை முதல் தடவை வென்றது. பிறகு 1952-53, 1967-68, 1968-69 என்று மொத்தம் நான்கு முறை. கர்நாடகா என்ற பெயரில் அந்தக் கோப்பை திரும்பி வர 54 வருஷம் ஆனது. 2023 மார்ச்சில், ரியாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில்.

1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், ஜூலை 31, பிரான்சுக்கு எதிராக. நம் ஆட்கள் பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கினார்கள். 70-ஆவது நிமிஷத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 2-1 என்று தோற்றோம். அந்த அணியில் அகமது கான், தன்ராஜ், கோல்கீப்பர் வரதராஜ் என்று பெங்களூர் ஆட்கள் பலர்.

இதில் ஒன்றை நான் இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை. ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியது அந்த ஒரே ஆட்டம். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே அன்று இல்லை. ஆக, பதினோரு பேர் ஆடினார்கள். அவர்களோடு லண்டன் வரை போன மற்றவர்கள் ஒலிம்பிக்கில் ஒரு நிமிஷம்கூட ஆடாமல் ஊர் திரும்பினார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு நான் மெயில் எழுதுகிறேன்!

பெஞ்ச் என்பதே கால்பந்துக்குப் புது வரவு. உலகக் கோப்பையில் ஆட்டக்காரரை மாற்றலாம் என்று வந்தது 1970-இல்தான், அதுவும் இரண்டே பேர். ஐந்து பேரை மாற்றலாம் என்பது நிரந்தர விதியானது 2022-இல். அதற்கு முன்னால் ஒன்று நீ உள்ளே, இல்லையென்றால் வெளியே. 'எத்தனை நிமிஷம்' என்ற கேள்விக்கே இடமில்லை.

இரண்டாவது கதவு தொழிற்சாலை. எச்.ஏ.எல் 1940-இல் வந்தது, ஐ.டி.ஐ 1948-இல். பின்னாலேயே பெல், பெமல் எல்லாம் வந்தன. பல தொழிற்சாலைகளுக்குச் சொந்தமாகக் கால்பந்து அணி இருந்தது. அணியில் இடம் என்றால் வேலை. வேலை என்றால் குவார்ட்டர்ஸ், பென்ஷன், கல்யாணத்துக்குப் பெண். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் செலக்‌ஷனுக்குப் போன அன்று அவர் அம்மா கோயிலில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிடைத்துவிட்டது. அவரோடு போன இன்னொரு அண்ணன், ஆட்டத்தில் இவருக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை, அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பிறகு ஆட்டோ ஓட்டினார். அங்கே ட்ரைஅவுட் என்பது ஒரு வீட்டின் அரிசிப் பிரச்சனை. இங்கே எனக்கு அது வாட்ஸ்அப் குரூப்பில் மானப் பிரச்சனை.

மூன்றாவது கதவு கல்கத்தா ரயில். அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போய் அங்கே 'பஞ்ச பாண்டவர்கள்' என்ற ஐவரில் இருவரானார்கள். வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த பூங்கம் கண்ணன் மோகன் பகானுக்குப் போனார். ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் அவரை 'ஆசியாவின் பெலே' என்றாராம். கண்ணன் 2019-இல் கல்கத்தாவிலேயே காலமானார். பெங்களூர் அருமைநாயகமும் மோகன் பகான்தான். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். ஆட இடம் கிடைக்கும் ஊரைத் தேடிப் போனவர்கள் இவர்கள். நாமும் ஒரு விதத்தில் அப்படி வந்தவர்கள்தானே.

ஜகார்த்தா என்றதும் இன்னொன்று. 'என் பையன் ஃபார்வர்ட், அவனைப் போய் பேக்-ல நிறுத்துறாங்க' என்று புலம்பும் பெற்றோர்களுக்கு (நானும் புலம்பியிருக்கிறேன்) இது சமர்ப்பணம். அந்த அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை ஒதுக்கவில்லை, கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று வென்றது. இரண்டு கோலில் ஒன்று ஜர்னைல் சிங் அடித்தது.

சரி, இவர்கள் எல்லாம் இந்தக் கதவுகளுக்கு வருவதற்கு முன்னால் எங்கே ஆடினார்கள்? தெருவிலும் பேட்டை மைதானத்திலும்தான். நான் சின்ன வயதில் ஆடிய மைதானத்தில் அணி பிரிப்பது எப்படி என்று என் பையனுக்கு இதுவரை சொன்னதே இல்லை. உத்தி பிரிப்போம். இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகத் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய், ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சிங்கம் வேணுமா, புலி வேணுமா?" தலைவன் புலி என்றால் புலி அவன் பக்கம், சிங்கம் எதிர்ப்பக்கம். ஜோடி சேர்வதில் எழுதாத விதி ஒன்று உண்டு. சமமான ஆட்கள்தான் ஜோடி சேர வேண்டும். நன்றாக ஆடுபவனும் நன்றாக ஆடுபவனும், சுமாரும் சுமாரும். அதனால் எப்படிப் பிரித்தாலும் இரண்டு பக்கமும் சரிசமமாக வரும்.

ட்ரைஅவுட் இதற்கு நேர் தலைகீழ். சமமானவர்களைப் பிரிப்பதற்குப் பதில் ஒன்றாகச் சேர்த்து, ஏ, பி, சி என்று அடுக்குவது. போட்டி விளையாட்டுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயதிலிருந்தே அது மட்டும்தான் என்றால்?

உத்தியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் நான் தயாரில்லை. எங்கள் மைதானத்தில் ஒரு பெண் பிள்ளைகூட ஆடியதில்லை. என் அக்கா மதில் மேல் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனால் ஒன்று. சாயந்திரம் நாலு மணிக்குப் போனால் இருட்டும் வரை ஆட்டம். யாருக்கும் நிமிஷக் கணக்கு கிடையாது. சுமாரான எனக்கே தினமும் ஒன்றரை மணி நேரம் காலில் பந்து. ஓரத்தில் எந்த அப்பாவும் நிற்கவில்லை.

இன்று பெங்களூரிலும் கதை மாறிவிட்டது. 2013-இல் பெங்களூரு எஃப்.சி வந்து, முதல் சீசனிலேயே ஐ-லீக் வென்றது. ஊரெங்கும் கட்டணம் வாங்கும் அகாடமிகள், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானங்கள். என் தங்கை மகன் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்குப் போகிறான். போன வாரம் தங்கை போனில், "அண்ணா, இவனை பி பேட்ச்ல போட்டுட்டாங்கண்ணா" என்று அழாத குறை. நான் அமெரிக்காவில் இருந்துகொண்டு அவளுக்கு அறிவுரை சொன்னேன் :-)

அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, பையன் எந்த மாதம் பிறந்தான் என்பது. வயது வரம்பை ஜனவரி 1 என்று வைத்தால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குப் போட்டி போடுவார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலேயே தெரியும். பல நாட்டுக் கால்பந்து அகாடமிகளில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் தேர்வாகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் திறமை என்று நினைப்பதில் ஒரு பங்கு வெறும் வளர்த்தி. அமெரிக்காவில் 2017-இல் கட்டாயமாக்கிய ஜனவரி கணக்கை விட்டு, 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 கணக்குக்கு மாறப் பெரிய அமைப்புகள் முடிவெடுத்தன. என் பையன் நவம்பர். பழைய கணக்கில் கூட்டத்திலேயே பொடியன். புதுக் கணக்கில் பெரியவர்களில் ஒருவன். ஒரு தேதியை நகர்த்தினால் 'திறமை' கூடுகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கலிஃபோர்னியாவில், டாரன்ஸ் என்ற ஊரில் 1964-இல் தொடங்கியது அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன். அவர்களுடைய முதல் கொள்கை, எல்லோரும் ஆட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம். ஏழு வயதில் என் பையன் அங்கேதான் ஆடினான், அணிகளைச் சரிசமமாகப் பிரிப்பார்கள். கிட்டத்தட்ட நம்ம உத்திதான். அங்கிருந்து அவனைப் பிடுங்கி இந்த கிளப்பில் சேர்த்தது யார்? நான்தான். மற்றவர்கள் சேர்த்தார்கள் என்று.

மெயிலை அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பையனைக் கேட்டேன், மே மாதம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை. "ஏ-ல இருந்து கொஞ்ச நேரம் ஆடறியா, பி-ல போய் முழுசா ஆடறியா?"

தோசையிலிருந்து தலை தூக்காமல் சொன்னான். "பி-ல ஆடினா கோவிச்சுக்க மாட்டியே?"

அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது நிமிஷத்துக்காக அவன் வருத்தப்படுகிறான் என்று நான் நினைத்தேன். அவன் எனக்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

திங்கட்கிழமை கோச்சிடம் பேசினேன். அடுத்த வாரத்திலிருந்து பி அணி. இடது பேக்-ல நிறுத்தப் போகிறாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை :-)

பி.கு: ஞாயிறு சாயந்திரம் பக்கத்துப் பூங்காவில் நாலு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பெண் பிள்ளைகளும்தான், உத்தி பிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். "பிட்சா வேணுமா, பர்கர் வேணுமா?" என்று வந்து நின்றார்கள். பரவாயில்லை. இருட்டும் வரை ஆடினார்கள். ஸ்டாப்வாட்ச் வைக்கவில்லை.