ஹாஃப்னியம் எதற்குச் சான்று?

வேதியியல் இயற்பியலுக்குள் அடங்கிவிடும் என்று வாதிடுவோர் நெடுங்காலமாகக் கைகாட்டும் சான்று ஹாஃப்னியம். 72ஆம் தனிமம் அருமண் வகையைச் சேராது, சிர்க்கோனியத்தையே ஒத்திருக்கும் என்று நீல்ஸ் போர் தம் அணுக்கொள்கையைக் கொண்டு 1922இல் கணித்தார். கோப்பன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெஷியும் சிர்க்கோனியக் கனிமங்களில் எக்ஸ் கதிர் நிறமாலை வழியே அதைக் கண்டு, 1923 ஜனவரியில் அறிவித்தனர். கணிப்பு பலித்ததில் ஐயமில்லை. அது எதிலிருந்து பிறந்தது என்பதில்தான் இக்கட்டுரை மாறுபடுகிறது.

போரின் வாதம் நேர்த்தியானது. நான்காம் குவாண்டம் தொகுதி 18 எலக்ட்ரான்களிலிருந்து 32 வரை வளர்கிறது. செரியம் (58) தொடங்கி லுட்டீஷியம் (71) வரையுள்ள 14 தனிமங்களில் அந்த வளர்ச்சி நிறைவுறுகிறது. அடுத்து வரும் எலக்ட்ரான் வெளிப்புறத்தில் சேர்வதால் 72இன் இணைதிறன் நான்காகும். ஆனால் 18, 32 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? அவை தனிம அட்டவணை வரிசைகளின் நீளங்கள். ஒத்திசைவுக் கோட்பாட்டையும் சமச்சீர்மையையும் போர் துணைக்கழைத்தது உண்மையே. எனினும் அவற்றிலிருந்து இந்த எண்களைத் தரும் கணக்கீடு எதையும் அவர் வெளியிடவில்லை. எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் பௌலியின் தவிர்ப்பு விதி 1925இல்தான் வந்தது.

இன்னும் தெளிவான தடயம் ஒன்று உண்டு. 32ஐப் போர் 8, 8, 8, 8 என்று பகுத்தார். இன்று நாம் அறிந்த பகுப்பு 2, 6, 10, 14. உட்பிரிவுகள் பிழை, கூட்டுத்தொகை மட்டும் சரி. கூட்டுத்தொகையை வேதியியல் தந்தது, உட்பிரிவுகளைக் கொள்கை தந்தது என்பதே இதற்கு இயல்பான விளக்கமாகத் தோன்றுகிறது.

முன்னோடிகளும் இதையே உறுதிப்படுத்துகின்றனர். டேனிஷ் வேதியியலாளர் ஜூலியஸ் தாம்சன் 1895இலேயே அருமண்களுக்கு அப்பால் சிர்க்கோனியத்தின் இனத்தனிமம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கினார். போரின் அட்டவணை அவருடையதைத் தழுவியது. சார்ல்ஸ் பரி 1921இல் வேதிப் பண்புகளைக் கொண்டே இதே முடிவை எட்டினார்.

வேதியியலாளர் உர்பேன் 72ஐ அருமண் என்றாரே எனலாம். அது ஒருவரின் உரிமைகோரல். துறையின் ஒருமித்த கருத்தன்று. அதற்கு ஆதரவாக டோவிலியே 1922இல் எக்ஸ் கதிர்ச் சான்று காட்டியபோது போரே தயங்கினார். கொள்கையிலிருந்து கண்டிப்பாகப் பெறப்பட்ட முடிவானால் இவ்வளவு எளிதில் அசைந்திருக்குமா? இன்றைய குவாண்டம் இயங்கியல் 18, 32 என்ற எண்களை விளக்கிவிடும் என்பதும் இங்கே பொருந்தாது. 1922இல் நிகழ்ந்த அறிதலை 1926இன் கருவிகள் நியாயப்படுத்த இயலாது.

இயற்பியலின் பங்கு சிறிதன்று. 72ஆம் இடம் காலி என்று திட்டவட்டமாகச் சொன்னது, எக்ஸ் கதிர் அதிர்வெண்ணை அணு எண்ணோடு இணைக்கும் மோஸ்லியின் விதி. தனிமத்தை அடையாளம் காட்டியதும் எக்ஸ் கதிரே. எனினும் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற அறிவு வேதியியலின் அட்டவணையிலிருந்து கொள்கைக்குள் புகுந்து, அங்கிருந்து கணிப்பாக வெளிவந்தது. வேதியியல் இயற்பியலுக்குள் ஒருநாள் அடங்கக்கூடும். அதற்குரிய சான்றுகளின் பட்டியலில் ஹாஃப்னியத்துக்கு இடமில்லை.